பழுப்பு பூசிய கைப்பிடி

போன வருடம் ஒரு நாடகத்துக்காக ஒரு பிளாஸ்டிக் ரிவால்வரின் கைப்பிடியைப் பழசாக்கிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அந்த வேலையே தப்பு என்று எனக்குச் சொல்ல எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவர் வரவேண்டியிருந்தது. நம் மேடையும் திரையும் கதைகளும் பழைய காலத்தை எப்படிக் கையாள்கின்றன என்று விமர்சிக்க ஆசைப்பட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என்னிடமிருந்தே ஆரம்பிப்பதுதான் நியாயம்.

நாடகம் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைப் பற்றியது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து மலாயா வந்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர். போருக்குப் பிறகு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது, சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே வாட்டர்பால் தோட்டத்தில் பிடிபட்டார். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது வழக்கு. யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. அவசரகால விதிகளில் அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருப்பதற்கே தூக்கு. இந்திய அரசு தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டும் பலனில்லை. 1949 மே 4, புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

ஆக, அந்த நாடகத்தில் ரிவால்வர் சும்மா ஒரு மேடைப் பொருள் கிடையாது. ஒரு மனிதனின் கழுத்தில் கயிற்றை மாட்டிய பொருள்.

ஒத்திகை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மத்தியானம் ரசம் கொதிக்கிற வாசனையில்தான் நீதிமன்றக் காட்சி நடக்கும். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விடுவதில்லை. பையன்கள் அனுமதிக்கு அலைந்து, குழாய் அடைத்த, விசை அசையாத, கெட்டியான ஒரு கருப்பு வார்ப்பை மேடைக்கு மட்டும் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள். வெப்லி ரிவால்வரைப் பார்த்துச் செய்தது. கைப்பிடியின் இரண்டு பட்டைகளும் தனியாகக் கழன்று வரும். இயக்குநர் அவற்றை என் கையில் கொடுத்து, “அண்ணே, இது பாசார் மாலாம் சாமான் மாதிரி இருக்கு. அண்டிக் லுக் வேணும். பாத்தவுடனே பழசுன்னு தெரியணும் லா” என்றார்.

மூன்று இரவு வேலை. முதலில் தேயிலை. துணியையும் காகிதத்தையும் பழசாக்க நாடகக்காரர்கள் கடுந்தேநீரில் ஊறப்போடுவது வழக்கம். நானும் கொதிக்க வைத்து ஊறப்போட்டேன். காலையில் பட்டை அப்படியே கருப்பாகக் கிடந்தது. துணி குடிக்கும், மரம் குடிக்கும், எலும்பு குடிக்கும். பிளாஸ்டிக் குடிக்காது. அதற்கு வயதை மேலே பூசத்தான் முடியும்.

பிறகு ஒழுங்காக ஆரம்பித்தேன். அச்சின் இரண்டு பாதிகள் சேர்கிற இடத்தில் ஓடும் வார்ப்புக் கோட்டை அரத்தால் ராவினேன். பொம்மையைக் காட்டிக்கொடுக்கிற முதல் அடையாளம் அதுதான். அடுத்தது பளபளப்பு. 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 800-ஆல் மெருகேற்றினேன். மேலே தந்த நிறத்தில் ஒரு பூச்சு. அது காய்ந்தபின் கரும்பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துத் தடவி, காய்வதற்குள் துணியால் துடைத்தேன். மேடுகளில் போய்விடும், கட்டம் கட்டமாக வெட்டிய பள்ளங்களில் தங்கும். திருகாணியைச் சுற்றிக் கொஞ்சம் கருப்பு ஷூ பாலிஷ். கடைசியில் மங்கல் வார்னிஷ். பார்த்தால் ஏதோ ஜமீன் பரம்பரைச் சொத்து மாதிரி இருந்தது. யானைத் தந்தம், இருநூறு வருடப் பழசு. பையன்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

நாடகம் முடிந்ததும் கிள்ளானிலிருந்து வந்திருந்த அந்தப் பெரியவர் மேடைக்கு ஏறி வந்தார். அவசரகாலத்தில் தோட்டத்துப் பையன். துப்பாக்கியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“என்னா தம்பி இது, மியூசியத்துல எடுத்துட்டு வந்தீங்களா?”

“இல்லங்கய்யா, நாங்களே செஞ்சது.”

“எங்க தொரை இடுப்புல ஒன்னு வச்சிருந்தாரு. கன்னங்கரேல்னு இருக்கும். தெனமும் சாயங்காலம் வாசல்ல உக்காந்து எண்ணெ போட்டுத் தொடப்பாரு. நாங்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாப்போம். பளபளன்னு இருக்கும். அதப் பாத்துதான் பயம். இதப் பாத்தா எனக்குப் பயமே வரலியே.”

அவ்வளவுதான் சொன்னார். கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் மூன்று இரவு வேலையும் அந்த ஒரு வாக்கியத்தில் உரிந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படைகளிடம் இருந்தவற்றில் சில இவை. முதல் உலகப் போர்க்கால வெப்லி, 1930-களின் என்ஃபீல்ட், போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மித் அண்ட் வெஸன். கடைசியதற்கு வால்நட் மரக் கைப்பிடி. என்ஃபீல்டுக்கு முதலில் மரம், பிறகு பேக்கலைட். அதாவது பிளாஸ்டிக். நாங்கள் ‘பொம்மைச் சாமான்’ என்று வெட்கப்பட்டு மறைத்த பிளாஸ்டிக், நிஜத் துப்பாக்கியிலேயே இருந்திருக்கிறது.

வெப்லிதான் என்னை உட்கார வைத்தது. அதன் கைப்பிடி வல்கனைட். ரப்பரில் நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் எருமைக் கொம்பு மாதிரி கருப்பாக இறுகிவிடும். அதுதான் வல்கனைட். கித்தா! விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நம் பாட்டன் பாட்டி சீவி இறக்கிய அதே சாதிப் பால். அன்றைக்கு உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் பெரும்பங்கு மலாயாவுடையது. எந்தத் துப்பாக்கியில் எந்தத் தோட்டத்துப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இங்கிருந்து கப்பலேறிப் போன ஒரு பொருள், இறுகிக் கருத்து, துரையின் இடுப்பில் திரும்பி வந்து நிற்கக்கூடிய ஓர் உலகம் அது. அதன்மேல்தான் நான் யானைத் தந்தத்தைப் பூசி வைத்திருந்தேன்.

இதைத் தகவல் பிழை என்று விட்டுவிடலாம். சரித்திர நாடகத்தில் கைக்கடிகாரம் கட்டிய ராஜாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி. ஆனால் பழுப்பு நிறம் அங்கே ஒரு வேலை செய்கிறது. ‘இது ரொம்பக் காலத்துக்கு முந்தி நடந்தது, நீ பயப்படாதே’ என்று பார்வையாளனைத் தட்டிக்கொடுக்கிறது. கணபதி வாழ்ந்தது 1949-இல். அவருக்கு அது பழைய காலமா? அன்றைக்கு அது இன்றைய காலை. அவர் கையில் இருந்தது கலைப்பொருள் கிடையாது, நேற்றுவரை வேலை செய்த ஒரு கருவி. துரைமார்கள் அதையே அனுமதியோடு இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார்கள். ஒரே கருவி ஓர் இடுப்பில் பாதுகாப்பு, இன்னோர் இடுப்பில் தூக்குக்கயிறு. நாடகம் காட்டவேண்டிய விஷயம் அதுதான். என் பூச்சு அதை மூடிவிட்டது. நாடகம் முடிந்ததும் அந்தத் துப்பாக்கியோடு செல்ஃபி எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நின்றது. யாருக்குமே பயம் வரவில்லை.

தொழில்ரீதியாகவும் நான் செய்தது தப்பு. பொருள் பழசாவது நேரத்தால் மட்டும் நடப்பதில்லை, கையாலும் நடக்கிறது. உள்ளங்கையின் அடிமேடு அழுந்தும் இடத்தில் வெட்டுக் கட்டங்கள் மழுங்கி வழவழப்பாகும். விரல் எட்டாத மூலையில் கட்டம் கூர்மையாகவே நிற்கும், அழுக்கு அங்கேதான் சேரும். புழங்கப் புழங்க அந்த இடம் மினுங்கும், மங்காது. வெயில் பட்ட வல்கனைட் பச்சை கலந்த பழுப்பாக வெளிறும், உறைக்குள் இருந்த பகுதி கருப்பாகவே இருக்கும். அதாவது உண்மையான பழமை எப்போதும் சமமில்லாதது. யார் பிடித்தான், எந்தக் கையால், எங்கே வைத்திருந்தான் என்று அது சொல்லும். நான் பூசியது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. யாருமே பிடிக்காத கைப்பிடி அது.

இதே பூச்சு வேலையை நம் கதைகளிலும் பார்க்கிறேன். தோட்டத்தைப் பற்றி இப்போது எழுதுகிற இளம் எழுத்தாளர்களைத்தான் சொல்கிறேன், என்னையும் சேர்த்து. லயம், மங்கு, காண்டா, ஆயாக்கொட்டகை, ஒட்டுப்பால், தண்டல், கிராணி. முதல் பத்தியிலேயே எல்லாச் சொல்லும் வரிசையில் வந்து நிற்கும். பெரட்டுக்கு ஆள் நிற்கிற மாதிரி. ஆனால் அந்தக் காண்டா எந்தத் தோளில் காய்ப்பு ஏற்றியது, அந்த மங்கை உடைத்தவனுக்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று கதைக்குத் தெரியாது. சொற்கள் நிறமாக மட்டும் இருக்கின்றன. வாசகன் ‘ஆஹா, பழைய வாழ்க்கை’ என்று கண் கலங்கிவிட்டுப் போய்விடுகிறான். கோபம் மட்டும் வருவதில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. கூடவே ஒரு சைக்கிளும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும், அந்த வழக்கம் ஒழியவேண்டும் என்று கேட்டார்கள். போராட்டம் ராணுவத்தை வைத்து அடக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் சைக்கிளை ஒரு கதையில் வைக்கும்போது துரு நிறத்தை வருணிக்கத்தான் நமக்குக் கை போகிறது. வருணிக்கவேண்டியது அதிலிருந்து இறங்கும் காலை.

அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ அவசரகாலத்தைச் சொல்லும் நாவல். நடையில் அலங்காரம் குறைவு, சில இடங்களில் தட்டையாகக்கூட இருக்கும். ஆனால் அதில் வரும் மனிதர்களுக்குத் தாங்கள் வரலாற்றில் வாழ்கிறோம் என்பது தெரியாது. நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம்தான் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காக, நேர்த்தியாகப் பழுப்பு பூசிய பத்துக் கதைகளுக்குப் பக்கத்தில் அதை வைப்பேன்.

போன மாதம் புடு பக்கம் போனேன். சிறை இடிக்கப்பட்டு அந்த இடத்தில் பேரங்காடி நிற்கிறது. பழைய நுழைவாயில் மட்டும் மிச்சம். அதன் முன்னால் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன அருகதை? நான் செய்த கைப்பிடியும் அதே வேலையைத்தான் செய்தது. பார்க்க அழகாக ஒரு துண்டை மட்டும் மிச்சம் வைத்தது.

நாடகத்தை இந்த வருடம் மறுபடி போடுகிறார்கள். பட்டைகளை வாங்கி வந்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் பூச்சையெல்லாம் துடைத்தெடுத்தேன். கீழே கருப்பு அப்படியே இருந்தது. கொஞ்சம் எண்ணெய் தடவி மாட்டிக் கொடுத்துவிட்டேன். இயக்குநருக்கு முகம் சுருங்கியது. “புதுசா இருக்கே அண்ணே?”

“புதுசாத்தான் இருந்துச்சு” என்றேன்.

கணபதியாக நடிக்கிற பையனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒத்திகைக்கு வரும்போதெல்லாம், அவன் காட்சி இல்லாத நேரத்திலும், அதைக் கையிலேயே வைத்திருக்கவேண்டும். இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பார்த்தேன். அவன் இடதுகைக்காரன். உள்ளங்கை அழுந்தும் பக்கத்தில் லேசாக ஒரு மினுமினுப்பு வந்திருக்கிறது.