வினையாகும் வணிகப் பெயர்கள்

ஆங்கிலத்திலே பெயர்ச்சொல்லொன்று விகுதி எதனையும் ஏற்காது வினையாக நிற்கவல்லது. தமிழிலே ‘செய்’, ‘பண்ணு’ முதலியவற்றின் துணைகொண்டு நாம் நிறைவேற்றுவதை அம்மொழி சொல்லின் இடத்தை மாற்றியே சாதித்துவிடுகிறது. வணிகப் பெயர்கள் அங்கு எளிதில் வினைகளாவதற்கு இவ்வியல்பே ஏதுவாகும். ஆயின், எவருடைய பெயர் வினையாகின்றது என்னும் வினா இலக்கணத்தோடு அமைவதன்று.

பொறிகொண்டு தரையிலுள்ள தூசியை அகற்றுவதைப் பிரித்தானியர் ‘ஹூவர்’ என வினையாக வழங்குவர். அந்நிறுவனம் விற்ற பொறியை ஆக்கியவர் ஹூவர் அல்லர். ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே, கடையொன்றிற் கூட்டித் துடைக்கும் தொழில் புரிந்த ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர் என்பார் 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தோற்பொருள் உற்பத்தியாளரான வில்லியம் ஹூவர் அவ்வுரிமையை வாங்கிக்கொண்டார். துடைப்பம் பிடித்தவர் மறக்கப்பட, முதலீடு செய்தவர் பெயரே வினையாயிற்று! உலர்முறைப் படியெடுத்தலை 1938இல் செய்துகாட்டிய செஸ்ரர் கார்ல்சனுக்கும் இதே கதிதான். வினையானது பின்வந்த ‘ஸெரொக்ஸ்’ என்னும் நிறுவனப் பெயரே.

எனினும், பெயருக்குரியோரும் இவ்வெற்றியை முழுமையாக நுகர்ந்தாரல்லர். வேறொரு நிறுவனத்தின் பொறியைக் கொண்டும் பிரித்தானியர் ‘ஹூவர்’ செய்கின்றனர். தன் பெயரை வினையாக வழங்கவேண்டாமென ஸெரொக்ஸ் நிறுவனம் விளம்பரஞ் செய்தது. மக்கள் நாவிற் பெயரைப் பதிக்கப் பெரும்பொருள் செலவிடும் வணிகர், அது பதிந்ததும் இலக்கண ஆசிரியராக மாறுவது விந்தையே. ‘கூகுள்’ பற்றிய வழக்கொன்றில், வினையாக வழங்குவதனால் மட்டும் ஒரு குறி பொதுப்பெயராகிவிடாது என அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2017இல் தீர்ப்பளித்தது. உடைமையைக் காத்தவாறே வழக்கையும் அதன் போக்கில் விட்ட இத்தீர்ப்பு, நிறுவனங்களின் அச்சத்தைவிட மொழியியல்புக்கு நெருங்கியது என்பது என் கருத்து.

‘எஸ்கலேற்றர்’ என்பது ஒற்றிஸ் நிறுவனத்தின் வணிகக் குறியாயிருந்து, 1950இல் அவ்வுரிமையை இழந்த சொல். அதற்கு முன்னரே அதன் ஈற்றைக் களைந்து ‘எஸ்கலேற்’ என்றொரு வினையை மக்கள் ஆக்கிக்கொண்டனர். நகரும் படிக்கட்டில் ஏறுதலைக் குறித்த அவ்வினை, 1960களில் வியட்நாம் யுத்தம் விரிவடைந்ததைக் கூறும் செய்திகளிலே சாதாரண சொல்லாயிற்று. அங்கே படிக்கட்டை நினைத்தவர் அரியர். நிறுவனத்தை நினைத்தவரோ அவரினும் அரியர்.