நன்றி சொல்வதும் நன்றி அறிவதும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் புலவன் அல்லன். அபர்தீன் பஜாரில் அரிசியும் பருப்பும் எடை போட்டுக் காலம் கழித்தவன். கடை அடைத்தபின் படித்தது கொஞ்சம், பெரியவர்களிடம் கேட்டது கொஞ்சம். பிழை இருந்தால் கற்றோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற நவம்பரில் அமெரிக்காவிலிருந்து என் பேரன் போனில் பேசினான். அவன் பள்ளியில் தேங்க்ஸ்கிவிங் விழாவுக்காக, "உங்கள் நாட்டில் இதுபோல் என்ன உண்டு?" என்று எழுதிவரச் சொன்னார்களாம். "தாத்தா, நம்ம பொங்கலும் அதுவும் ஒண்ணுதானே? சூரியனுக்குத் தேங்க்ஸ், மாட்டுக்குத் தேங்க்ஸ். அப்படியே எழுதிடட்டுமா?" என்றான். எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு ஒப்பவில்லை. நாமும் மேடைதோறும் "பொங்கல் தமிழரின் நன்றி கூறும் நாள்" என்று பேசுகிறோம், மலர்களில் எழுதுகிறோம். அது முழுப் பொருத்தம்தானா என்று நம் நூல்களை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

சொல்லின் பொருள்

இன்று 'நன்றி' என்றால் வாயால் சொல்வது. கூட்டத்தின் கடைசியில் 'நன்றியுரை' என்று ஒன்று வருகிறதே, அது. பழைய நூல்களில் இச்சொல்லுக்கு நன்மை, பயன், செய்த உதவி என்பதே பொருள். எளிய சான்று ஒன்று தருகிறேன். திருக்குறளின் 101ஆம் அதிகாரத்துக்கு 'நன்றியில் செல்வம்' என்று பெயர். நாலடியாரிலும் இதே பெயரில் ஓர் அதிகாரம் உண்டு. 'தேங்க்ஸ் சொல்லாத பணக்காரன்' என்று இதற்குப் பொருள் கொண்டால் சிரிப்புத்தான் வரும். தனக்கும் பயன்படாமல், பிறர்க்கும் பயன்படாமல் கிடக்கும் செல்வம் என்பதே பொருள்.

ஆகவே குறளின் 11ஆம் அதிகாரமான 'செய்ந்நன்றி அறிதல்' என்பதைப் 'பிறர் செய்த நன்மையை அறிந்திருத்தல்' என்றுதான் விரிக்க வேண்டும். வள்ளுவர் 'கூறல்' என்று தலைப்பு இடத் தெரியாதவர் அல்லர். இதற்கு முந்திய பத்தாம் அதிகாரமே 'இனியவை கூறல்'தான். அங்கே 'கூறல்' என்றவர் இங்கே 'அறிதல்' என்கிறார். நன்றி அவருக்கு வாயின் வேலையாகப் படவில்லை, நினைவின் வேலையாகப் பட்டிருக்கிறது. நம் கிராமத்துப் பெரியவர்கள் யாரும் 'நன்றி' என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. "நீ நல்லா இருக்கணும்" என்பார்கள், அவ்வளவுதான். அதனால் அவர்களை நன்றி இல்லாதவர்கள் என்று சொல்ல முடியுமா?

அளவு பற்றி அந்த அதிகாரம் சொல்வது வணிகனாகிய எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. தினை அளவு உதவியையும் பனை அளவாகக் கொள்வார் பயன் தெரிந்தவர் என்கிறார். உதவிக்கு அளவு அந்த உதவியில் இல்லை, பெற்றவரின் தகுதியில் இருக்கிறது என்கிறார். தராசில் இப்படி நடக்காது. பொருள் எவ்வளவோ அவ்வளவுதான் எடை. வாங்கிய கடனை வட்டியோடு கட்டிவிட்டால் பேரேட்டில் பெயரை அடித்துவிடலாம். உதவியை அப்படி அடிக்க முடியாது என்பதற்காகத்தான் தினையும் பனையும் சொல்லியிருக்கிறார் போலும்.

சமண நூல்களில்

நாலடியார் பிறந்த கதையைப் பலரும் அற்புதக் கதையாகவே சொல்கிறார்கள். பஞ்சத்தால் பிழைக்க வந்த சமண முனிவர் எண்ணாயிரம் பேரைப் பாண்டியன் ஆதரித்தான். பஞ்சம் தீர்ந்ததும் அவர்கள் ஊர் திரும்ப விரும்பினார்கள். அரசனுக்கு விட மனமில்லை. ஆளுக்கு ஒரு வெண்பா எழுதி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டார்கள். அரசன் சினந்து ஏடுகளை வையையில் எறியச் சொன்னான். நானூறு ஏடுகள் நீரை எதிர்த்து வந்தன என்பது செவிவழிச் செய்தி.

எனக்கு இதில் ஏடு எதிர்நீச்சல் போட்டது பெரிதாகப் படவில்லை. அரசன் கோபம்தான் பெரிதாகப் படுகிறது. சோறு போட்டவன் அவன். "நான் காப்பாற்றினேன், ஆகவே நீங்கள் என்னோடேயே இருக்க வேண்டும்" என்பது அவன் கணக்கு. முனிவர்கள் நன்மையை மறக்கவில்லை. தங்களிடம் இருந்த ஒரே பொருளாகிய பாட்டை வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அவன் சோற்றுக்குத் தங்கள் துறவை விலையாகத் தரவில்லை.

சீவக சிந்தாமணியில் இதை வேறு விதமாகப் பார்க்கலாம். சச்சந்தன் தன் நாட்டையே நம்பி ஒப்படைத்த அமைச்சன் கட்டியங்காரன். அவன் அரசனையே கொன்றான். அதே நூலில் அடிபட்டுச் சாகக் கிடந்த நாய்க்குச் சீவகன் செவியில் ஐம்பத மந்திரம் ஓதினான். அந்த உயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகி, சீவகனுக்குக் கொலை நேர இருந்த வேளையில் வந்து எடுத்துக்கொண்டு போய்க் காத்தது. நாடு பெற்றவன் மறந்தான், ஒரு மந்திரம் பெற்ற நாய் மறக்கவில்லை. இதை ஒரு கிளைக்கதை என்று ஒதுக்குவது சரியன்று. உதவியின் அளவு பெற்றவரைப் பொறுத்தது என்னும் குறள் கருத்துக்குத் திருத்தக்கதேவர் காட்டிய எடுத்துக்காட்டாகவே எனக்கு இது படுகிறது.

அடுத்த அதிகாரம்

செய்ந்நன்றி அதிகாரம் முடியும் இடம் கடுமையானது. எந்த அறத்தைக் கெடுத்தவர்க்கும் தப்ப வழி உண்டு, செய்த நன்மையைக் கொன்றவனுக்கு இல்லை என்கிறது. புறநானூற்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழாரும் இதையே சொல்கிறார். படிப்பவனுக்குப் பயமாக இருக்கிறது. அப்படியானால் உதவி செய்தவன் என்ன கேட்டாலும் செய்ய வேண்டியதுதானா?

இங்கேதான் அதிகார வரிசையைக் கவனிக்க வேண்டும். அடுத்து வருவது 'நடுவு நிலைமை'. ஏன் அது பின்னால் வந்தது என்பதற்குப் பரிமேலழகர் காரணம் சொல்கிறார். நன்மை செய்தவரிடத்தில் அந்த நன்மையை நினைக்கும்போது நடுவுநிலை கெட்டுப்போகும், அங்கேயும் கெடக்கூடாது என்பதற்காகவே அடுத்து வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. செய்ந்நன்றியைப் பேசுகிற நம் மேடைகளில் இந்த ஓர் இடத்தை யாரும் தொடுவதில்லை.

உரையைப் படிப்பதற்கு முன்பே இதை எனக்கு அனுபவம் கற்பித்தது. அறுபதுகளில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து என் தகப்பனார் கப்பலேறி இங்கே வந்தபோது, ஒரு பெரியவர் இரண்டு வருஷம் வாடகை வாங்காமல் கடைக்கு இடம் கொடுத்தார். நாங்கள் தலையெடுத்தது அதனால்தான். 1989 வாக்கில் அவர் கிடங்கில் மூட்டை சரிந்து ஒரு சுமைத் தொழிலாளியின் கால் முறிந்தது. அன்று அந்த ஆள் வேலைக்கே வரவில்லை என்று அவர் சாதித்தார். வந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னார். "உங்க அப்பனுக்கு எடம் குடுத்தவன் நான்" என்றார்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அவர் நிதானமாக, "டேய், நல்லது செஞ்சவன எந்த நாளும் மறக்காத. ஆனா அவனுக்காகப் படி குறைச்சு அளக்காத" என்றார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். நன்றி கெட்ட குடும்பம் என்று எங்களைப் பஜாரில் பேசினார்கள்.

அடுத்த காணும் பொங்கலன்று அப்பா வழக்கம்போல் வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் புறப்பட்டார். என்னையும் கூட்டிப் போனார். கதவு திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தோம். மறுவருஷமும் அப்படியே. நான்காம் வருஷம் அந்த வீட்டு அம்மா வந்து கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றார். பெரியவர் கடைசிவரை என்னோடு பேசவில்லை. அவர் காலமான பிறகும் காணும் பொங்கலன்று அந்த வீட்டுக்குப் போய் வருகிறோம். எங்கள் குடும்ப வழக்கம் என்று சொல்ல இது ஒன்றுதான் உண்டு.

இந்தத் தீவில் பொங்கல்

இங்கே சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்பாகச் சூரியன் உதிக்கிறது. தைப் பொங்கலன்று நம் பானைதான் முதலில் பொங்குகிறது என்று பிள்ளைகளுக்குப் பெருமை. அந்தியும் சீக்கிரம் வருகிறது. பொழுது சாயுமுன் உண்ணும் எங்களைப் போன்றவர்கள் ஐந்து மணிக்கே இலை போட வேண்டும். ஆனால் பானையில் இருப்பது பெரும்பாலும் கப்பலில் வந்த அரிசி. நம்மில் பலருக்கு வயலும் இல்லை, மாடும் இல்லை. நமக்கு நன்மை செய்தவர் யார் என்று கேட்டால் மாலுமியும் துறைமுகத்துச் சுமைக்காரரும் முதலில் வர வேண்டாமா?

அவர்களுக்கும் முன்னே ஒருவர் உண்டு. அமெரிக்கர் 1621ஆம் ஆண்டு பிளைமவுத் விருந்தைத் தங்கள் விழாவின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். 1863இல் லிங்கன் அதை நாடு முழுவதுக்கும் அறிவித்தார். 1941இல் நவம்பர் நான்காம் வியாழன் என்று சட்டமானது. பிழைக்க வந்தவர்களுக்குச் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர் அந்த மண்ணின் பழங்குடி மனிதர். அந்தப் பழங்குடிகளின் வழிவந்தோரும் மற்றப் பழங்குடியினரும் 1970 முதல் அதே நாளில் பிளைமவுத்தில் துக்கநாள் கடைப்பிடிக்கிறார்கள். நன்மை செய்தவர் வாசலில் அழ, பெற்றவர் உள்ளே விருந்து உண்பதை நன்றி அறிதல் என்று வள்ளுவர் ஒப்புவாரா?

அவர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. 1858இல் இங்கே கைதிக் குடியேற்றம் தொடங்கியது. மறுஆண்டே அபர்தீனில் மண்ணின் மக்கள் எதிர்த்துப் போரிட்டார்கள். நான் கடை வைத்திருக்கும் பஜாரின் பெயர் அந்தப் போரின் பெயர். பெரிய அந்தமானியர் இன்று சில டஜன் பேரே. 'போ' மொழியைக் கடைசியாகப் பேசிய போவா சீனியர் என்னும் மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார். நாம் அரசாங்கப் பட்டா வாங்கி வந்தோம், யாரையும் விரட்டவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நின்ற இடம் யாருடையது என்று அறிந்திருப்பது நன்றி அறிதலில் சேரும். அவர்களுக்குரிய காட்டையும் நிலத்தையும் பற்றிப் பேச்சு வரும்போது, நம் வியாபார லாபத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருப்பது அடுத்த அதிகாரத்தில் சேரும்.

பேரனுக்கு மறுபடி போன் செய்தேன். "ஒண்ணுதான்னு எழுதாதேப்பா. எங்க ஊர்ல நன்றி சொல்றதில்ல, ஞாபகம் வச்சிக்கிறதுன்னு எழுது" என்றேன். "அப்புறம் யாரையெல்லாம் ஞாபகம் வச்சிக்கணும் தாத்தா?" என்று கேட்டான். வாடகை வாங்காமல் இடம் கொடுத்தவரில் தொடங்கினேன். கால் முறிந்த தொழிலாளியையும் சொன்னேன். போவா சீனியர் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். இந்தத் தையில் உங்கள் வீட்டுப் பானை பொங்கும்போது, அன்பர்களே, உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி நாலு பேரைச் சொல்லிக் கொடுங்கள்.