புறப்புறத்தில் புகை: ஓர் அறிக்கையின் இலக்கணம்

சூழலியல் கூட்டங்களில் கம்பெனி அறிக்கைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் தோழர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'எல்லாம் பொய்ங்க.' எனக்கு இதில் உடன்பாடில்லை. பொய் என்றால் அம்பலப்படுத்திவிட்டுப் போய்விடலாம். சரியான எண்களைக் கொண்டு எழுதப்பட்ட பிரதிகளை என்ன செய்வது? டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனத்தின் கரியமிலக் கணக்கை அப்படியொரு பிரதியாகவே வாசிக்கிறேன்.

அதன் கதையாடல் வசீகரமானது. டோங் என்ற பெயரில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து, நிலக்கரி எரித்துக்கொண்டிருந்த நிறுவனம்; பெரும்பங்கு அரசுடையது. தன் மின்சாரத்திலும் வெப்பத்திலும் 85 சதத்தை 2040 வாக்கில் பசுமையாக்குவோம் என்று 2009இல் சொன்னது. 2019லேயே அதை எட்டிவிட்டது. 2017இல் எண்ணெய், எரிவாயுத் தொழிலை இனியோஸுக்கு விற்றுவிட்டு, 1820இல் மின்காந்த விளைவைக் கண்டறிந்த விஞ்ஞானியின் பெயரைச் சூடிக்கொண்டது. எஸ்பியரில் இருந்த கடைசி நிலக்கரி நிலையத்தை 2024 ஆகஸ்டில் மூடியது. கடலில் சுழலும் அதன் காற்றாலைகள் புனைவல்ல. ஆனால் விற்ற வயல்கள் மூடப்படவில்லை, கை மாறின. புகை ஒருவர் பேரேட்டிலிருந்து இன்னொருவர் பேரேட்டுக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான்.

இங்கேதான் இலக்கணம் வருகிறது. வாழ்க்கையை அகம், புறம் என்று பிரித்தது தொல்காப்பியம். பின்னால் வந்த இலக்கணிகள் அகப்புறம், புறப்புறம் என்று சேர்த்து நாலாக்கினார்கள். உலகக் கம்பெனிகள் பின்பற்றும் பசுங்குடில் வாயுக் கணக்கு நெறியிலும் கிட்டத்தட்ட இதே நான்குதான். சொந்தப் புகைபோக்கி முதல் வட்டம். வாங்கும் மின்சாரத்தின் புகை இரண்டாவது. விற்ற சரக்கை வாங்கியவர் எரிப்பது உட்பட மற்றதெல்லாம் மூன்றாவது. மரத்தை எரித்தால் வரும் கரியமிலவாயு இந்த மூன்றுக்கும் வெளியே, தனி வரியில்.

ஓர்ஸ்டெட்டின் புகழ்பெற்ற வாக்குறுதி 2006ஐ ஒப்பிட்டு 2025க்குள் 98 சதக் குறைப்பு. அது முதல் இரண்டு வட்டங்களுக்கு, அதுவும் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்ற வீதத்தில். வாங்கி விற்ற எரிவாயு மூன்றாம் வட்டத்தில் பெரும்பகுதியாக நின்றது. அதற்கான இறுதிக் கெடு 2040. அகத்துக்கு அவசரம், புறத்துக்கு அவகாசம்.

புறப்புறத்துக்கு வருவோம். ஐ.பி.சி.சி.யின் பொது அட்டவணைப்படி ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு நிலக்கரி சுமார் 95 டன் கரியமிலவாயு விடுகிறது; விறகு 112 டன். பால்டிக் நாட்டுக் காடுகளிலிருந்தும் வரும் மரத்தை ஓர்ஸ்டெட் எரிக்கிறது. அந்தப் புகையை அது மறைக்கவில்லை. எண் அச்சாகிறது, கூட்டுத்தொகையில் மட்டும் சேராது. காட்டின் இழப்பை மரம் வெட்டிய நாடு தன் நிலக்கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும், இரண்டு இடத்தில் எழுதக்கூடாது என்பது விதி. நாடுகளைக் கூட்டிப் பார்க்க அது நல்ல விதிதான். கம்பெனியின் கைக்கு வந்ததும் அது பாவமன்னிப்பாகிவிடுகிறது.

2023இல் இந்தப் பிரதி தன்னைத்தானே கட்டுடைத்துக்கொண்டது. இரண்டு நிலையங்களில் மரச்சில்லும் வைக்கோலும் எரித்து வரும் வாயுவை ஆண்டுக்கு 4,30,000 டன் பிடித்துக் கடலடியில் புதைக்க டென்மார்க் அரசின் எரிசக்தி முகமையோடு ஒப்பந்தம். அதில் 27.6 லட்சம் டன்னுக்கான சான்றை 11 ஆண்டுகளில் வாங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் முன்வந்தது. வெளியே போனபோது கூட்டுத்தொகையில் இடம்பெறாத அதே வாயு, பிடித்தவுடன் டன் கணக்கில் விலைபோகிறது!

மரம் காற்றிலிருந்து எடுத்ததைத்தானே திருப்பிக் கொடுக்கிறது, புதைத்தால் லாபம்தானே என்பார்கள். வைக்கோலுக்குச் சரி. அது ஒரு போகத்தில் திரும்ப விளையும். மரத்துக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். கெடுவோ 2025, 2040. அறிக்கையின் காலமும் காட்டின் காலமும் ஒன்றல்ல. இந்த இடைவெளிக்கு அட்டவணையில் பத்தியே கிடையாது.

இந்த இலக்கணம் நம்மிடமும் வந்துவிட்டது. இந்தியாவின் முதல் ஆயிரம் பங்குச்சந்தைக் கம்பெனிகள் 2022-23 முதல் நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. மூன்றாம் வட்டத்தை மட்டும் விருப்பத்துக்கு விட்டது.

ஆகவே தோழர்களே, பொய் என்று தூக்கிப் போடாதீர்கள். எடுத்து வாசியுங்கள். எண் சரியா என்று கேட்பதற்கு முன், அது எந்த வட்டத்தில் நிற்கிறது, அதை அங்கே நிறுத்தியது யார் என்று கேளுங்கள். ஒரு கவிதையின் திணை எது, துறை எது என்று கேட்கப் பழகிய நமக்கு இது ஒன்றும் புது வேலையில்லை.