குழியை மூடினால் காடு மீளுமா?

சென்ற தவணையில், ஊரின் இயற்கை வளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு நம் வகுப்பு மாணவரைப் பணித்தோம். ஒரு மாணவன் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் உண்டென்றும், மாரியில் அதில் செந்நீர் நிறையுமென்றும், அதற்கு அணைக்கட்டோ வாய்க்காலோ இல்லையென்றும் எழுதியிருந்தான். விசாரித்தபோது, அது வீதி வேலைக்குக் கிரவல் அகழ்ந்து கைவிட்ட கிடங்கு என்பது தெரியவந்தது. குளங்களாற் பெயர்பெற்ற வன்னியிலே குளத்துக்கும் கிடங்குக்கும் வேறுபாடு அறியாத தலைமுறையொன்று வளர்ந்து வருகின்றது. பிழை மாணவனுடையதன்று. மூத்தோராகிய நாம் அவனுக்கு விட்டுச்சென்ற நிலமே அத்தகையது.

2009இல் போர் ஓய்ந்தபின் வன்னிக்கு வீதியும் வீடும் பாடசாலையும் வேண்டியிருந்தன. கிரவலும் மணலுமின்றி அவை எழுந்திரா. தறப்பாளின்கீழ் வாழ்ந்த மக்களைப் பார்த்து, மண்ணைத் தொட்டதே குற்றமென உரைப்பது வயிறு நிறைந்தவர் பேச்சாகும். அகழ்ந்தபின் அந்நிலத்தை என்ன செய்தோம் என்பதே இங்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி.

சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம், அகழ்ந்த நிலத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை உரிமம் பெற்றவர்மேல் சுமத்துகின்றது. ஆயினும் நடைமுறையில் ‘சீர்ப்படுத்தல்’ என்பது பெரும்பாலும் குழியை மட்டஞ்செய்வதாகவே சுருங்கிவிடுகிறது. மிஞ்சினால் சில வரிசை மரக்கன்றுகள். அவற்றின் முன்னே ஒரு பெயர்ப்பலகை. தேக்கை நிரையாக நட்டுவிட்டுக் காடு மீண்டதென மகிழ்வாரும் உளர். தேக்கு இலங்கைக்குரிய மரமன்று. தேக்கந்தோட்டம் மரந்தரும், கரடிக்கும் இருவாய்ச்சிக்கும் இரைதராது.

வன்னிக் காட்டின் வாழ்க்கை பாலையிலும் வீரையிலும் முதிரையிலும் கருங்காலியிலும் தங்கியிருக்கிறது. பாலை பழுக்கும் காலத்தில் மனிதரும் கரடியும் ஒரே மரத்தை நாடுவதை நம் முதியோர் நன்கறிவர். கரடி உண்ட பழத்தின் வித்து அதன் எச்சத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கிறது. சூரைப் பழமுண்ட கொண்டைக்குருவி மற்றோரிடத்திற் பற்றையை விதைக்கிறது. காட்டை நடுகின்ற கைகளிற் பெரும்பாலானவை மனிதக் கைகளல்ல. அவ்வுயிர்கள் திரும்பிவருவதற்கான நிலைமையை ஆக்கிக் கொடுப்பதே நம் வேலை.

அவ்வேலை அகழ்வு முடிந்தபின் தொடங்குவதன்று, முதல்நாளிலேயே தொடங்கவேண்டும். பல்லாண்டு இலைமக்கிச் சேர்ந்த மேல்மண்ணில்தான் வித்துக்களும், வேருக்கு ஊட்டந்தரும் பூஞ்சணங்களும் உறங்குகின்றன. அதைப் புறம்பாகக் குவித்து, உயிர்ப்பு அழியுமுன் திருப்பிப் பரப்பவேண்டும். அம்மண் கிரவலோடு டிப்பரில் ஏறிப்போய்விட்டால், எஞ்சிய கடுந்தரையில் இப்பிலிப்பிலும் கினிப்புல்லுமே முந்திக்கொள்ளும். மேல்மண்ணைக் காத்து, ஆவரையும் காரையும் சூரையும் முதலிற் படரவிட்டால், அவற்றின் நிழலில் பாலையும் வீரையும் மெல்ல எழும். அதற்குப் பத்தாண்டும் போதாது. திட்ட அறிக்கைகளோ மூன்றாண்டில் முடிந்துவிடுகின்றன.

தொல்காப்பியம் உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என ஒருங்கே வைத்து எண்ணுகிறது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றவை தனித்து நில்லா என்பதே அவ்வைப்புமுறை நமக்குணர்த்தும் பொருள். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகுமென்றார் இளங்கோவடிகள். அவர் காட்டிய காரணம் வேனில். நம் காலத்துக் காரணம் பெக்கோ இயந்திரம். பாலை மரத்தை வீழ்த்திப் பாலை நிலத்தைப் படைத்திருக்கிறோம்.

மீட்சி இயலாததா? புத்தளத்து அருவக்காட்டைப் பார்ப்போம். வில்பத்துக் காட்டை அண்டிய அவ்விடத்தில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியில், இயற்கைப் பாதுகாப்பிற்கான சர்வதேச ஒன்றியத்தின் துணையோடு, வரண்ட வலயத்துக்குரிய உள்ளூர் மரங்களை வளர்க்கும் முயற்சி நடந்தது. அதே அருவக்காட்டின் வேறொரு பழைய அகழ்விடத்துக்கு, மக்கள் எதிர்த்தும், 2019இல் கொழும்பின் குப்பை கொண்டுவரப்பட்டது. ஒருபுறம் காட்டையும் மறுபுறம் குப்பையையும் வைக்க அறிவியல் சொல்லவில்லை. எவர் தீர்மானிக்கிறார், எவர் குரல் கேட்கப்படுவதில்லை என்பதே குழியின் விதியை வகுக்கிறது.

இவ்வினா நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 1957இல் அமைந்த கனிய மணற் கூட்டுத்தாபனத்தின் காலந்தொட்டுப் புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் ஆகியன அகழப்படுகின்றன. அகழ்வு முல்லைத்தீவின் கொக்கிளாய்க் கரைக்கு நீள்வதை அவ்வூர் மக்கள் எதிர்த்துள்ளனர். 1951இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட கொக்கிளாய்க் களப்பு அங்கேதான் இருக்கிறது. அடம்பும் இராவணன்மீசையும் பிணித்துவைத்த மணல்மேட்டைக் கலைத்தபின் சவுக்கை நட்டுக் கணக்குக் காட்டினால், காற்றும் கடலும் அக்கணக்கை ஏற்கமாட்டா.

இன்னொரு முரணையும் சொல்லியாகவேண்டும். இடம்பெயர்ந்து மீண்ட உழவனின் காணி, பற்றை வளர்ந்த காரணத்தால் ஒதுக்கக் காடெனப் பல இடங்களில் மறுக்கப்பட்டது. விறகு வெட்டுபவனுக்குச் சட்டம் கண்டிப்பாயிருக்கிறது. இயந்திரத்துக்கோ உரிமம் கிடைக்கிறது. காட்டை மீட்பதென்ற பெயரில் மக்களின் நிலம் பறிபோகலாகாது. அகழ்ந்த குழிகளை முதலில் மீட்கட்டும். அவ்வேலையும் கூலியும் மேற்பார்வையும் அவ்வூராருக்கே உரியவாகட்டும்.

நம் எழுத்தாளருக்கும் இதில் பங்குண்டு. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்தபோது, வன்னிக் காடு மாந்தரின் வாழ்வோடு கலந்து இலக்கியத்துள் நுழைந்தது. போரையும் இடப்பெயர்வையும் நம் பேனாக்கள் பின்னர் எழுதின. அமைதி வந்தபின் மண்ணுக்கு நேர்ந்ததைப் போதிய அளவு எழுதவில்லை. எழுதாத இடத்தைப் பெயர்ப்பலகைகள் நிரப்புகின்றன.

அம்மாணவனின் கட்டுரையை நாம் திருத்தினோம். ‘குளம்’ என்பதை அடித்துக் ‘கிடங்கு’ என எழுதினோம். அந்தச் சொல்லை மாற்றுவது எளிதாயிருந்தது. அவன் மகன் அதே இடத்தைக் ‘காடு’ என்று பிழையின்றி எழுதும் நாள் வரவேண்டும். அதற்கான உழைப்பு இனிமேல்தான் தொடங்கவேண்டும்.