இரு சராசரிகளுக்கிடையே: லனாக்ஷயர்ப் பாற் பரிசோதனை பற்றிய ஒரு நோக்கு

சமூக ஆய்வுகளிலே எண்கள் பெறும் மதிப்பு பெரிதும் உயர்ந்துள்ளது. கல்வியியல், உளவியல் ஆகிய துறைகளில் மட்டுமன்றி, மொழிநடை பற்றிய ஆய்விலும் இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட்டு, அவற்றுக்கிடையே 'பொருளுள்ள வேறுபாடு' உண்டென முடிவு கூறுதல் வழக்கமாகிவிட்டது. அம்முடிவு கூறப்பட்டதும் விவாதம் முற்றுப்பெற்றதாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் விவாதம் தொடங்கவேண்டிய இடம் அதுவே என்பது எமது கருத்தாகும்.

இத்தகைய ஒப்பீட்டிற்குப் பெரிதும் பயன்படும் ரீ-சோதனையின் தோற்றம் மனங்கொள்ளத்தக்கது. டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் பியர் உற்பத்திச்சாலையில் 1899ஆம் ஆண்டு பணியிற் சேர்ந்த வில்லியம் சீலி கொசெற், பார்லி முதலான மூலப்பொருள்களைச் சிறு மாதிரிகளைக் கொண்டே மதிப்பிடவேண்டியவராயிருந்தார். அத்தேவையிலிருந்து பிறந்த கட்டுரை 1908இல் 'பயோமெற்றிக்கா' ஆய்விதழில் வெளிவந்தது. ஊழியர் தம் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் விரும்பாமையால், மாணவன் எனப் பொருள்படும் 'ஸ்ரூடன்ற்' என்ற புனைபெயரிலேயே அவர் எழுதினார். தூய கணிதமாகத் தோன்றும் ஒரு கருவி உற்பத்தியின் தேவையாற் பிறந்தது. அதனை ஆக்கியவரின் பெயரோ வணிக நலனின் பொருட்டு மறைக்கப்பட்டது.

இச்சோதனை கூறுவது யாது? இரு சராசரிகளின் வித்தியாசத்தை அவ்வித்தியாசத்தின் நியம வழுவினால் வகுக்கிறோம். குழுக்களுக்கிடையே உண்மையில் வேறுபாடு எதுவும் இல்லையெனக் கொண்டால், இவ்வளவு அல்லது இதனினும் பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தோன்றுவதற்கான நிகழ்தகவையே அதன்வழி அறிகிறோம். அது இருபதில் ஒன்றினும் குறைவாயின் 'பொருளுள்ளது' என்று கொள்ளும் மரபு, 1925இல் வெளிவந்த றொனால்ட் பிஷரின் நூலினால் நிலைபெற்றது. ஆயின் வேறுபாடு எத்துணை முக்கியமானது, கருதுகோள் மெய்யாவதற்கு நிகழ்தகவு எவ்வளவு என்பவற்றை இவ்வெண் கூறாது. அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையும் இதனை வலியுறுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழுக்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டன என்பதை இவ்வெண் அறியாது.

இக்குறைபாட்டின் சமூகப் பரிமாணத்தை 1930ஆம் ஆண்டின் லனாக்ஷயர்ப் பரிசோதனை தெளிவாக்குகிறது. நிலக்கரி, இரும்புத் தொழில்கள் செறிந்திருந்த இந்த ஸ்கொட்லாந்துப் பிரதேசத்தின் 67 பாடசாலைகளில் ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் இதிற் சேர்க்கப்பட்டனர். பெப்ரவரி முதல் யூன் வரை, 5,000 பேருக்குப் பச்சைப்பாலும் 5,000 பேருக்குப் பாஸ்ரர் முறைப்படி சூடாக்கிய பாலும் நாளொன்றுக்கு முக்காற் பைந்து வழங்கப்பட்டன. எஞ்சிய 10,000 பேர் பால் பெறாத கட்டுப்பாட்டுக் குழுவினர். பால் பெற்றோர் உயரத்திலும் நிறையிலும் கூடுதலாக வளர்ந்தனர் என்று அறிக்கை கூறிற்று.

1931இல் ஸ்ரூடன்ற் அவ்வறிக்கையை ஆராய்ந்தார். பிள்ளைகள் முதலிற் சீட்டு மூலமோ அகரவரிசைப்படியோ தெரிவுசெய்யப்பட்டனர். ஆயின் ஒரு குழுவில் நன்கு போஷிக்கப்பட்டோரோ போஷாக்குக் குன்றியோரோ மிகுந்து காணப்படின், வேறு பிள்ளைகளை மாற்றீடு செய்ய ஆசிரியருக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. ஏழைப் பிள்ளைக்கே பால் அதிகம் தேவை என்ற இயல்பான இரக்கம் தெரிவிற் புகுந்தது. விளைவாக, பரிசோதனை தொடங்கும்போதே கட்டுப்பாட்டுக் குழுவினர் நிறையில் ஏறத்தாழ மூன்று மாத வளர்ச்சிக்கும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சிக்கும் சமமான அளவு முந்தியிருந்தனர்.

நிறையளவையும் இதே வேறுபாட்டினாற் பாதிக்கப்பட்டிருக்கலாம் என ஸ்ரூடன்ற் வாதிட்டார். பிள்ளைகள் உடையுடனேயே நிறுக்கப்பட்டனர். வசதியுள்ள பிள்ளை மாரியிற் கனத்த உடையும் கோடையில் மெல்லிய உடையும் அணியும். வறிய பிள்ளைக்கோ அத்தகைய மாற்றுடை அரிது. எனவே வசதியுள்ளோர் மிகுந்த கட்டுப்பாட்டுக் குழுவின் நிறைவளர்ச்சி, களைந்த உடையின் அளவுக்குக் குறைந்து தோன்றும். பாலின் பயனாகக் கணிக்கப்பட்டதில் ஒரு பகுதி மாரிக்கால உடையின் நிறையாக இருத்தல் கூடும். வர்க்க வேறுபாடு தராசின் தட்டிலேயே ஏறி நின்றது எனலாம்.

மாதிரியின் பெருமை இதற்குப் பரிகாரமாகாது. மாதிரியை நூறு மடங்காக்கின் தற்செயல் வழு பத்திலொன்றாகும். தெரிவினால் நேர்ந்த சாய்வோ சிறிதும் குறையாது. தற்செயல் அகன்றபின், அச்சாய்வே மறுக்கவியலாத 'பொருளுள்ள வேறுபாடாக'க் காட்சியளிக்கும். மேலும், ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒருவகைப் பாலே வழங்கப்பட்டமையால், இருவகைப் பாலையும் ஒப்பிடப் புகுந்தோர் பாடசாலைகளின் வேறுபாட்டையும் சேர்த்தே ஒப்பிட்டனர்.

ஒத்த உருவுடைய இரட்டையர் ஐம்பது சோடியைக் கொண்டு, மிகக் குறைந்த செலவில் இதனினும் நம்பகமான விடை பெறலாம் என்றார் ஸ்ரூடன்ற். ஒரே இல்லத்தில் வளரும் இருவரில் ஒருவருக்குப் பால் கொடுத்து மற்றவரோடு ஒப்பிடும்போது வறுமையின் சாய்வு நீங்கிவிடும். முறையியல் நோக்கில் இது மறுக்கவியலாதது. எனினும் இங்கே ஒரு வேறுபாட்டை நாம் வலியுறுத்தவேண்டும். பாலின் விளைவை அறிவதற்கு வறுமையை ஒப்பீட்டிலிருந்து நீக்குதல் தேவை. எந்த வர்க்கத்துப் பிள்ளைக்குப் பால் எவ்வளவு பயன் தரும் என அறிவதற்கோ, வறுமையையே ஆய்வின் மையத்திற்குக் கொணர்தல் வேண்டும். 1934இல் பிரித்தானியாவிலே பாடசாலைப் பிள்ளைகளுக்கு மலிவு விலையிற் பால் வழங்கும் திட்டம் தொடங்கிற்று என்பதை நினைக்கும்போது, இவ்வினா வெறும் கணித வினாவன்று என்பது புலனாகும்.

இதிலிருந்து எண்களை நம்புதல் தகாது என்ற முடிவுக்குச் சிலர் வரலாம். அது அறிவுக்கு முரணானது. லனாக்ஷயரின் பிழையை வெளிக்கொணர்ந்தவை அவ்வறிக்கையின் எண்களே. அவற்றை வாழ்நிலையோடு பொருத்தி வாசித்தமையே ஸ்ரூடன்ற் செய்த பணி. இலக்கியப் பிரதியொன்றை அதன் சமூக அடித்தளத்தோடு இணைத்து நோக்கவேண்டுமெனக் கூறும் நாம், அட்டவணையையும் அவ்வாறே நோக்கவேண்டியவராவோம். குழுக்களைப் பிரித்தவர் யார், பிரிக்குமுன் அக்குழுக்களின் நிலை யாது, அளவை எவ்வாறு எடுக்கப்பட்டது ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத ஆய்வில், நிகழ்தகவு எத்துணை சிறிதாயினும், முடிவை ஏற்பதற்கில்லை.