ஓசுவுக்கு எது சிதைந்தது?

சினுவா ஆச்சிபியின் 1958ஆம் வருஷத்து நாவல் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் தமிழில் இருக்கிறது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நம்ம விமர்சகர்களுக்கு ஒரே பல்லவிதான்: வெள்ளைக்காரன் வந்தான், வேதம் கொண்டுவந்தான், ஆப்பிரிக்கப் பண்பாடு சிதைந்தது. சிதைந்தது சரி, யாருடைய பண்பாடு? அதுக்குள்ளே யார் எங்கே நின்றார்கள்? எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு இந்த நாவலைப் பற்றிப் பேசியவர் ஓசுக்கள் வரும் பதினெட்டாம் அத்தியாயத்தை அரை நிமிஷத்தில் தாண்டிப் போனார். நான் அங்கேதான் நிற்கிறேன்.

இக்போ ஊரான எம்பாந்தாவுக்கு வெள்ளைக்காரப் பாதிரி ஐந்து பேரோடு வருகிறார். ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கிறது. மொழிபெயர்க்கிறவன் இக்போக்காரன்தான், ஆனால் வேற சீமைப் பேச்சு. அவன் ‘நான்’ என்பது இவர்கள் காதில் ‘என் பிட்டம்’ என்று விழுகிறது, ஒரே சிரிப்பு. சபை கட்ட இடம் கேட்டதும் பெரியவர்கள் தீயகாட்டைக் கொடுக்கிறார்கள். கொடிய நோயில் செத்தவர்களைக் கொண்டுபோய்ப் போடுகிற காடு. நாலு நாளில் எல்லாரும் சாவார்கள் என்று கணக்கு. யாரும் சாகவில்லை. சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டி ‘அங்க போய் இருந்துக்க’ என்கிற இந்தப் பெருந்தன்மை நமக்குப் புதுசா என்ன?

நாலு தடவை இரட்டைப் பிள்ளை பெற்று, நாலு தடவையும் காட்டில் எறியக் கொடுத்த நெக்கா, நிறைவயிறாகச் சபைக்குப் போகிறாள். அவள் தொலைந்தது நல்லதென்று புருஷன் வீட்டார் நினைக்கிறார்கள். இங்கே எது சிதைகிறது, சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு ஓசுக்கள் உள்ளே வருகிறார்கள். ஓசு சாமிக்கு நேர்ந்துவிடப்பட்டவன். அவன் பிள்ளைகளும் ஓசுதான். ஊர்க்காரரோடு கலியாணம் கிடையாது, ஊர்க்கூட்டத்தில் இடம் கிடையாது, பட்டம் வாங்க முடியாது. தலையில் கத்தி படக்கூடாது, சடைதான் அடையாளம். செத்தால் தீயகாடு. தொழிலை வைத்து வந்த இழிவு இல்லை, அதனால் நம்ம சாதியும் இதுவும் ஒண்ணு என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் அவர்கள் நுழைந்ததும் ஏற்கெனவே மதம் மாறியவர்கள் என்ன செய்கிறார்கள்? விலகி உட்காருகிறார்கள்! இவங்களைச் சேர்த்தால் ஊர் சிரிக்கும் என்கிறார்கள்.

அன்றைக்கு உறுதியாக நின்றவர் பாதிரி இல்லை. அவர் உமுவோஃபியாவில் தலைமையிடம் போட்டுக்கொண்டு அப்பப்போ வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். நின்றவர் கியாகா என்கிற கறுப்பு உபதேசியார். சடையை மழித்தால்தான் சேர்ப்பேன் என்று ஓசுக்களிடமும் கறாராகச் சொல்கிறார். மழித்தார்கள். எம்பாந்தாவின் ஓசுக்களில் அநேகமாக எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். ‘வெள்ளைக்காரன் செய்த வேலை’ என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் கியாகாவையும் அந்த ஓசுக்களின் கால்களையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

ஆச்சிபியையும் விடுவதற்கில்லை. உபதேசியார் மகனாக 1930இல் பிறந்தவர், சபையை உள்ளிருந்து அறிந்தவர். ஆனாலும் முதலில் நுழைந்த அந்த இருவருக்கும் பெயர் வைக்கவில்லை. ஒக்கோங்வோவின் குடிசையில் எத்தனை இரவு நம்மை உட்கார வைக்கிறார்! பெரிய கோயிலை ஒட்டி ஓசுக்கள் குடியிருந்த இடத்துக்கு ஒரு நாளாவது கூட்டிப் போனாரா?

ஆனால் 1960இல் வந்த அவருடைய இரண்டாவது நாவல் சபையின் தோலை உரித்துவிடுகிறது. அப்பன் ஒக்கோங்வோவை உதறிவிட்டுச் சபைக்கு ஓடிய நுவோயி, இப்போது ஐசக் என்ற வயசான உபதேசியார். இங்கிலாந்தில் படித்த மகன் ஓபி, நர்ஸ் வேலை பார்க்கும் கிளாராவைக் கட்டப் போகிறேன் என்கிறான். அவள் ஓசு. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லையே என்று வாதாடுகிறான். வேதத்தை ஐசக்கும் எடுக்கிறார்: நாகமான் பெரிய தளபதி, ஆனால் குஷ்டரோகி. கட்டினால் செத்துப்போவேன் என்கிறாள் தாய். ஒரே சிலுவை நட்டு நடுவுல சுவர் எழுப்பின கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நைஜீரியாவின் கிழக்கு மாகாண அரசு 1956இலேயே ஓசு முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. கலியாணப் பேச்சில் இன்றைக்கும் விசாரிக்கிறார்கள்.

கிளாராவின் அப்பாவை எனக்குத் தெரியும், நல்ல கிறிஸ்தவர் என்று ஐசக்கே ஒத்துக்கொள்கிறார். அந்த நல்ல கிறிஸ்தவரை ஆச்சிபி ஒரு தடவைகூட நம் முன்னால் வந்து பேசவிடவில்லை.