27 நிமிட வேகம்

எதை பிராட்பேண்ட் என்று சொல்லலாம் என்பதற்கு மத்திய அரசின் 2004 அக்டோபர் கொள்கை ஓர் அளவு வைத்தது: எப்போதும் திறந்திருக்கும், நொடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாத இணைப்பு. அளவு சிறிது, ஆனால் தெளிவானது. 56 கிலோபிட் டயல்-அப்புக்குத் தொலைபேசியையும் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பெரிய தாவல்தான். குமரி மாவட்டத்து வீடுகளுக்கு அந்நாளில் கிடைத்தவற்றை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். புறப்பட்ட வேகத்தில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது? வந்ததை எவ்வளவு நேரம் பயன்படுத்த விட்டார்கள்?

2005 ஜனவரியில் வந்த பிஎஸ்என்எல் டேட்டாஒன், முதல் கேள்வியில் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான நாஞ்சில் நாட்டில் தேறியது, மேற்கே தடுமாறியது. இதில் நிறுவனத்தைவிட, தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் தரும் அதன் ஏடிஎஸ்எல் முறையின் இயல்புக்கே பங்கு அதிகம். செம்புக் கம்பியில் உயர் அதிர்வெண் சமிக்ஞை தூரம் போகப் போகத் தேயும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் மோடம் இணைப்பைப் பிடிக்கவே திணறும். சுசீந்திரம், தேரூர், பூதப்பாண்டிப் பக்கம் வீடுகள் தெருவோடு தெருவாக ஒட்டி நிற்பவை. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் உட்பகுதியிலோ ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியாக நிற்கும். கம்பி ரப்பர் மரங்களுக்கிடையே நீண்டு போகும்; ஒட்டுப் போட்ட இடமெல்லாம் மழையில் ஈரம் குடிக்கும். இடவப்பாதி, ஐப்பசி மழை இரண்டும் பெய்யும் ஊரில் இதைச் சில்லறைக் குறை என்று தள்ள முடியாது. இடி கேட்டதும் மோடத்தின் வயரைப் பிடுங்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது கேள்வியில்தான் டேட்டாஒன் தன் மதிப்பெண்ணை இழக்கிறது. 250 ரூபாய்த் திட்டத்தில் மாதத்துக்கு 400 எம்பி. 256 கிலோபிட்டில் அது மூன்றரை மணி நேரத்துக்கு வரும். 2007 ஜனவரியில் வேகத்தை 2 மெகாபிட்டுக்கு உயர்த்தினார்கள். அளவு அந்த விகிதத்தில் உயரவில்லை. பழைய 400 எம்பியைப் புதிய வேகத்தில் ஓடவிட்டால் 27 நிமிடத்தில் மாதம் முடிந்துவிடும். வேகத்தைக் கூட்டி விற்றவர்கள் பயன்பாட்டை நினைக்கவில்லை. 500 ரூபாய்த் திட்டத்தின் இரவுச் சலுகை இதற்கு ஒரு கோணல் பரிகாரம்: இரண்டு மணி முதல் எட்டு மணி வரை கணக்கில்லை. முழு வேகம் கிடைத்தால் ஒரே இரவில் ஐந்து ஜிபிக்கு மேல் இறக்கலாம். குலசேகரம் பக்கம் தலைவிளக்குக் கட்டி ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்குத் துணையாக ஒரு தலைமுறை மாணவர்களும் விழித்திருந்தார்கள். உள்முரண் இல்லாத திட்டம் என்றால் 900 ரூபாயுடையதுதான். வேகம் 256-தான், ஆனால் அளவில்லை.

கம்பியில்லா வழிகளில் ரிலையன்ஸின் சிடிஎம்ஏ ஏட்டளவிலேயே 144 கிலோபிட். கொள்கையின் அளவுப்படி அது பிராட்பேண்டே அல்ல. நிமிடக் கணக்கில் காசு வேறு. ஆனால் கம்பி தோற்ற விளைகளில் அதுவே கிடைத்தது. கைபேசியைக் கணினியில் செருகினால் வேலை தொடங்கியது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட், சிந்தனையில் இவை எல்லாவற்றையும்விட நேர்த்தியானது: பேசிக்கொண்டே 35 கிலோபிட், பேசாதபோது 70. மதுரை மேலூர்ப் பக்கக் கிராமங்களில் அதை இயக்கிக் காட்டினார்கள். ஆனால் கோபுரமும் வீடும் ஒன்றையொன்று பார்த்தாக வேண்டும். தென்னையும் குன்றும் மறைக்கும் நம் நிலத்துக்கு அது பொருந்தியிருக்காது. பெருநகரங்களில் பரவிய கேபிள் வழி இணைப்போ தெருப்பெட்டியில் கரன்ட் போனால் தெருவையே இருட்டாக்கும்.

ஆக, நாஞ்சில் தெருக்களுக்குச் செம்புக் கம்பி, அதுவும் 900 ரூபாய்த் திட்டம். மேற்கு விளைகளுக்கு, வேறு வழியில்லாததால் மட்டும், சிடிஎம்ஏ. முதலிடத்தைக் கொடுத்த பிறகும் ஏடிஎஸ்எல்லின் மேல் ஒரு புகார் மிஞ்சுகிறது. அதன் அமைப்பே இறக்குவதற்கு அகலம், ஏற்றுவதற்கு இடுக்கு. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகள் நிறைந்த மாவட்டம் இது. அங்கிருப்பவர் பார்க்க விரும்பிய குழந்தையின் முகம் அந்த இடுக்கு வழியாகத்தான் கட்டம் கட்டமாகப் போய்ச் சேர்ந்தது.